வெந்நீர் இல்லை

பார்லர் கதவில் தொங்கும் சின்னக் கரும்பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் எழுதியதை எட்டிப் பார்த்த நாத்தனாருக்கு, பல்லில் கடித்திருந்த, புருவம் திருத்தும் நூல் நழுவிக் கீழே விழுந்தது.

"இன்று மாலை கடை இல்லை. மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன்."

"அண்ணி, பேங்குக்குன்னு எழுதிட்டுப் போங்களேன்."

"பேங்குக்குப் போனா பேங்க்னு எழுதறேன். பல் டாக்டர்கிட்ட போனப்ப அப்படித்தானே எழுதினேன்?"

"பல்லும் இதுவும் ஒண்ணா? கத்தரிக்கோல் பிடிக்கிற கை உங்களுது. பைத்தியம்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா, எவ வந்து தலையைக் குடுப்பா?"

அந்தப் பயத்தை அவளும் பல நாள் மென்று பார்த்துவிட்டுத்தான் துப்பியிருந்தாள். பார்லர் அக்கா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். பின்பக்கம் இருக்கும் அந்த வெள்ளைத் தொட்டியில் தலையைச் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும், மாமியார் சண்டையிலிருந்து மகன் காதல் வரைக்கும் எல்லாரும் அவளிடம் கொட்டுவார்கள். அதே தொட்டியில்தான் தங்கையின் தலையைக் கடைசியாகக் கழுவினாள். புற்றுநோய் மருந்தின் வேகத்தில் முடி கொத்துக் கொத்தாக விரலோடு வந்தது. கண்ணை மூடியபடி, "இன்னும் கொஞ்சம் சூடா ஊத்துக்கா" என்றாள் தங்கை. தங்கை இறந்த பிறகு, தொட்டியில் யார் கண்ணை மூடினாலும் அந்த முகம்தான். பாதி கழுவிய தலையோடு குழாயை மூடிவிடுவாள். கெய்சர் ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பலகையின் மூலையில் 'வெந்நீர் இல்லை' என்று எழுதிவைத்தாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள்.

இதில் பாவப்பட்டவன் அவள் கணவன்தான். மின்சாதனம் பழுது பார்ப்பவன். பெண்டாட்டி சொன்னதை நம்பி அந்தக் கெய்சரை மறுபடி மறுபடி கழற்றி மாட்டினான். முந்தின நாள் மூடியைத் திருகிவிட்டுச் சொன்னான்.

"இதுல ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் என்னமோ இருக்கு. என்கிட்ட சொல்ல முடியாததை முன்ன பின்ன தெரியாத ஒருத்திகிட்ட சொல்லப்போறியா?"

"உங்ககிட்ட சொன்னா ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டு வந்துடுவீங்க. சரி பண்ணாம சும்மா கேட்டுக்க உங்களால முடியாதுங்க."

அவன் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கும் வலித்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போதும் பலகையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆலோசகரின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். உட்காருவதற்கு முன்பே சண்டைக்குப் போவதுபோல் கேட்டாள்.

"நான் பைத்தியமா?"

"இல்லம்மா. இங்க வர்றவங்க பாரம் தாங்காம வர்றாங்க."

"தூக்க மாத்திரை குடுப்பீங்களா?"

"நான் மருந்து எழுதறதில்ல. தேவைன்னு தோணினா டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். முடிவு உங்களுது."

"நான் சொல்றது வெளிய போகுமா?"

"போகாது. யாரோட உயிருக்காவது ஆபத்துன்னாதான் வெளிய பேசுவேன். அதையும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

"உங்களைப் பிடிக்கலேன்னா?"

ஆலோசகர் சிரித்தார். "முடி வெட்டினது பிடிக்கலேன்னா வேற பார்லர் போக மாட்டாங்களா?"

"போவாங்க" என்றாள் அவள், கொஞ்சம் கசப்பாக. "என் எதிர்க்கடைக்கு."

அன்று தங்கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. கெய்சர் கதையை மட்டும் சொன்னாள். ஒன்றுமில்லாத கெய்சரைக் கணவன் கழற்றிக் கழற்றி மாட்டியதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது; பாதியில் அது அழுகையாகிவிட்டது. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை.

வீங்கிய கண்ணோடு கடைக்குத் திரும்பியபோது பலகையில் 'பேங்குக்குப் போயிருக்கிறேன்' என்று நாத்தனாரின் உருண்டைக் கையெழுத்து. மூலையில் இருந்த 'வெந்நீர் இல்லை' மட்டும் அப்படியே இருந்தது.

"படிச்சுட்டு ரெண்டு பேர் சிரிச்சாங்க அண்ணி. எனக்கு மனசு கேக்கல…"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. என் தங்கச்சி செத்ததுக்கு நான் எதுக்குடி வெக்கப்படணும்?"

ஈரத்துணியால் பேங்கைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து அடர்சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, தூரிகையால் நிதானமாக எழுதினாள்.

"வியாழன் மாலை கடை இல்லை. மனநல ஆலோசகரைப் பார்க்கப் போவேன்."

"ஐயோ, துடைச்சாப் போகாதே அண்ணி!"

"ரிமூவர் என்கிட்டதான் இருக்கு."

பைக்கை நிறுத்திவிட்டு, கருவிப்பையோடு கணவன் உள்ளே வந்தான். அவள் கண்ணைப் பார்த்தான், பலகையைப் படித்தான். "என்ன சொன்ன…" என்று ஆரம்பித்தவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பையைத் தரையில் வைத்தான். அதைத் திறக்கவில்லை.

"ரொம்பத் தடிமனாப் போட்டிருக்க. காய நேரமாகும்."

கண்ணாடிக்கு அடியில் கிடந்த ஹேர் டிரையரை எடுத்துப் பிளக்கில் செருகினான். அவள் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடான காற்றில் சிவப்பு எழுத்துகள் மெல்ல இறுகின. மூலையில், சாக்பீஸால் எழுதிய 'வெந்நீர் இல்லை'யிலிருந்து வெள்ளைத் தூள் கொஞ்சம் கிளம்பி அவள் மணிக்கட்டில் படிந்தது.