பூபதி விட்டுக்கொடுத்த பெனால்டி

பந்து உதைக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்று சொன்னால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் யார் நம்புவார்கள்? ரங்கன் மகள் பூபதி மெட்ராசில் வேறு ஏதோ வேலை பார்க்கிறாள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பந்து கிந்து என்று கதை விடுகிறாள் என்றுதான் குப்பத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அது எழுபத்தேழாம் வருஷம்.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில் முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். ஆண்கள் அணி வைத்துத் தோற்றுத் தோற்று அலுத்துப்போன மனிதர், பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கினார். காலையில் மைதானம், மதியத்துக்கு மேல் மில்லில் வேலை, தங்க விடுதி. பொன்னேரியில் நடந்த பள்ளிக்கூடப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி எல்லாரையும் திணறடித்த பூபதியை அவருடைய ஆட்கள் பார்த்து அழைத்துப் போனார்கள்.

அவள் கோல் போட்டாள். கணக்கில்லாமல் போட்டாள். ஆனால் பேசத்தான் ஆள் இல்லை. அணியில் பாதிப் பேர் மலையாளம், சில பேர் கன்னடம், நாலைந்து ஆங்கிலோ இந்தியப் பெண்கள் தங்களுக்குள் இங்கிலீஷ். ஊருக்குப் போனால் அங்கேயும் தனிதான். கழுத்தோடு வெட்டிய முடியைப் பார்த்து நைனா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட வளர்ந்தவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு குழந்தையோடு வந்து, வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு இடத்திலும் விருந்தாளி என்றால் எந்த இடத்தில் போய் மனிதர் சாய்ந்து உட்காருவது?

அடுத்த வருஷம் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அதே ஏரியின் மேற்குக் கரை, ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. அவளுக்கும் விடுதிச் சாம்பார் பிடிக்கவில்லை. முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டு, "மடவ மீன் கொழம்பு இருந்தா இன்னாமா இருக்கும்!" என்றாள். பூபதிக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மைதானத்திலும் அப்படியே. ஜெசிந்தா இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பாள், பூபதி அடிப்பாள். ஒரு மனுஷிக்கு இன்னொரு மனுஷி இவ்வளவு வேண்டியிருக்கும் என்று பூபதிக்கு அதுவரை தெரியாது.

ஆனால் ஜெசிந்தா தற்காலிகம். சீசன் கடைசியில் பைனல் முடிந்ததும், தற்காலிகப் பெண்களில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கோல் போடுகிறவளின் பெயர்தான் பேப்பரில் வரும். பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவளை மேனேஜர் எங்கே பார்த்தார்? ஜெசிந்தா போய்விட்டால் நான் செத்தேன் என்று பூபதி நினைத்துக்கொண்டாள். அதை மிகையாக நினைக்கவில்லை.

பூபதியின் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். அதை எவனும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளை ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அடுத்தவன் வருவான். ஒதுங்கத் தெரியாதவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. பூபதி அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்.

பைனலில் கல்கத்தாக்காரிகள் எதிரணி. இரண்டு அணியும் ஆளுக்கொரு கோல் போட்டு, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மில் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோச் வெளியிலிருந்து பூபதியைக் கைகாட்டினார். அவள் பந்தை எடுத்தாள். நேராகப் போய் ஜெசிந்தாவின் கையில் வைத்தாள்.

"நேத்து செமி பைனல்ல ரெண்டு கோலும் நான்தான் போட்டேன். இன்னிக்கி உன் முறை."

"எனக்கு வோணாண்டி. நீயே அடி."

"அடிடி, நான் சொல்றேன்ல!"

மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா பூபதியின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பந்தை வைத்து அடித்தாள். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. அடுத்த ஓட்டத்திலேயே கல்கத்தாக்காரிகள் கோல் போட்டார்கள்.

"பெனால்டி என்ன கோயில் பிரசாதமா, பங்கு போட்டுக் கொடுக்க?" என்று கோச் பூபதியைக் கிழிகிழி என்று கிழித்தார். அதையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் மில்லிலிருந்து விடுதிக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டில் காலி. ஜெசிந்தா டிரங்குப் பெட்டியோடு போயிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லீவு கிடைத்ததும் பூபதி ஆரம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். ஜெசிந்தாவின் அம்மா பிலோமினா, "தண்ணில கீறா, போய்ப் பாரு" என்று ஏரிப்பக்கம் கைகாட்டினாள். நல்ல வெயில். ஆழமில்லாத தண்ணீரில் பெண்கள் மண்டிபோட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்வியிருந்தார்கள். ஜெசிந்தாவும் அப்படித்தான். பூபதி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி அவள் கூடவே நடந்தாள்.

"ஜெசி, மேனேஜர் கால்ல உழுந்தாவது உன்னத் திரும்ப இட்டுனு போறேன்டி."

ஜெசிந்தா பறியைக் கவ்வியபடி சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்தாள்.

"உன் பேரு பேப்பர்ல வரணும், நீ என்கூடவே இருக்கணும்னுதான் குட்த்தேன். முறைனா முறைதான், எங்க ஊரு வழக்கம்டி அது."

ஜெசிந்தா நின்றாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"உங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாதா? உங்க சீட்டுல எங்க சாதி ஆளுங்க பேரு என்னிக்காவது வந்துகீதா? எங்களுக்கு இந்த ஏரில பாடே கெடயாது. நாங்க வலை கட்டினா உங்காளுங்க அறுத்து உட்டுருவாங்க. அதான் இப்டி கையால தடவினு கெடக்குறோம்."

பூபதிக்கு இது தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"கிரவுண்டு ஒண்ணுலதான் யாரும் எனக்கு எதுவும் குடுக்க வோணாம்னு இருந்தேன். ஓடிப் புடிச்சா பந்து என்னுது. அங்கயும் வந்து, அத்தினி பேரு முன்னாடி குட்த்துட்டியே. அடிக்கும்போது காலு நடுங்கல பூபதி. ஒடம்பு கூசிச்சு."

"சத்தியமா நான் அப்டி நெனக்கலடி."

"நெனக்க மாட்டே. நெனக்கவேண்டிய அவசியம் உனக்கு வந்ததில்ல."

பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டு அவள் மண்டியில் நகர்ந்துபோனாள். பூபதிக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அழுதால் அதற்கும் ஜெசிந்தாதான் வந்து தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டு கரையேறினாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் ஆடினாள். அணிக்குத் தலைவியானாள். இந்திய அணிக்கும் ஆடினாள், பேப்பரில் போட்டோவெல்லாம் வந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். எல்லாரிடமும் மரியாதையாக இருந்தாள். யாரிடமும் மீனைப் பற்றிப் பேசவில்லை. பெனால்டி கிடைத்தால் அடிப்பது அவள் மட்டும்தான். திமிர் பிடித்தவள் என்றார்கள். அவள் மறுத்ததில்லை.

எண்பத்தாறில் அவளுடைய கடைசி சீசன். ஒரு சாதாரண ஆட்டம். மில் அணி மூன்று கோல் முன்னால் இருந்தது, முடிய அதிக நேரமும் இல்லை, ஒரு பெனால்டி வேறு. புதிதாக வந்திருந்த அமீனா ஓடி வந்தாள்.

"அக்கா, இது ஒண்ண நான் அடிக்கட்டுமா?"

கேட்கிறவளுக்குக் கொடுப்பது வேறு, கேட்காதவள் கையில் திணிப்பது வேறு என்று பூபதிக்குத் தெரியாமல் இல்லை. அமீனாவின் முகத்தில் கூச்சமும் இல்லை, ஆசைதான் இருந்தது. தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுக்கப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் திமிர் என்று எல்லாரும் சொன்னது இந்தப் பயத்தைத்தான்.

"தள்ளிக்கோ" என்றாள். பந்தை வைத்து அடித்தாள். கோல். திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அமீனாவும்.