மூன்றாம் சரணத்துக்கு ஒரு முள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே பெருமையடித்துக்கொள்ளத்தான். இந்த 2006-இல் ஊரே சிடி-யில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் இசைத்தட்டு சுழலும் ஒரே வீடு எங்களுடையது. பிளேயர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மலிவுச் சரக்கு. அதைத் தேற்றி ஆளாக்கியவன் நான்.

முதல் வரி இப்படி இருந்தது: 'இசை என்பது மனித ஆன்மாவின்...'

வேண்டாம். என் மனைவி மெட்டில்டா படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்தது: 'முப்பது வருஷமாக இரண்டு பெண்கள் ஒரே குரலுக்குச் சண்டை போட்டார்கள்.' இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

1976 கிறிஸ்துமஸுக்குப் பொழிச்சலூரில் எங்கள் சபையின் பாடகர் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. கோயிலுக்குள்ளேயே மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரு பாட்டின் மூன்றாம் சரணம் மட்டும் ஒற்றைப் பெண்குரல். உறையில் பெயர் கிடையாது.

"அது நான்தான்" என்பாள் மெட்டில்டா. அன்று அவள் தோளை ஒட்டி நின்று பாடிய பியூலாவும் அதையேதான் சொல்வாள். (பியூலாவைக் கொஞ்சம் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். எழுத வரவில்லை. நல்ல மனுஷி.) பாட்டு வாத்தியார் கைகாட்டியது தன்னைத்தான் என்று இருவருமே சத்தியம் செய்வார்கள். இந்த வருஷம் சபையின் பொன்விழா மலரில் பாடியவர் பெயரைப் போடப்போகிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பியூலா எங்கள் வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டுக் கேட்பது, ஒரு பெயரை முடிவு செய்வது என்று ஏற்பாடு.

எங்கள் பிளேயரில் அந்தச் சரணம் சளி பிடித்த குரலில் வந்தது. பின்னால் விடாமல் ஓர் இரைச்சல் வேறு.

3

இரைச்சலை ஒழிக்க நான் செய்தவை கொஞ்சநஞ்சமல்ல. மோட்டார் பெல்ட்டை மாற்றினேன். அடியில் கடப்பைக் கல் வைத்தேன். எர்த் வயரை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒருமுறை ஷாக்கும் வாங்கினேன்.* இரைச்சல் அசையவில்லை.

கடைசியில் பிளேயரைத் தூக்கிக்கொண்டு, அதை விற்ற எத்திராஜிடமே போனேன். தட்டில் முள் குதிக்காமல் இருக்க அதன் தலைமேல் நான் ஒட்டியிருந்த நாலணாக் காசைப் பார்த்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? காசு வச்சா பாட்டு தேஞ்சிகினே கீதே! முள்ளும் மொட்ட ஆயிட்ச்சி. புதுசு ஒண்ணு கீது, மாட்டிக்கினு போ. அப்பால வந்து சொல்லு."

* இதைப் படித்துவிட்டு மெட்டில்டா ஓரத்தில் பென்சிலில் எழுதியது: 'ஒருமுறை இல்லை, மூன்று முறை.'

4

சனிக்கிழமை காலை புது முள்ளை மாட்டி, மூன்றாம் சரணத்தில் இறக்கினேன்.

குரல் பளிச்சென்று வந்தது. அட, என்ன குரல்! இரைச்சலும் பளிச்சென்று வந்தது. அது எங்கோ தொடங்கி, வளர்ந்து, கோயில் கூரைக்கு மேல் வந்து, தேய்ந்து போனது.

"ஐயோ, பிளேனுங்க! மீனம்பாக்கத்துல எறங்குற பிளேன்" என்றாள் மெட்டில்டா.

ரெண்டு வருஷமாக ஓர் ஆகாய விமானத்தைப் பெல்ட் மாற்றி விரட்டியிருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும் அந்த ஒரு சரணத்தை மட்டுமே போட்டுக் காட்டுவோம். மற்றப் பாட்டுகளில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

மறுபடி போட்டேன். விமானம் நெருங்க நெருங்கக் குரல் உயர்கிறது. பயப்படவில்லை, நிறுத்தவில்லை. உச்சத்தில் சட்டென்று பிரிந்து கேட்டது. ஒரு குரல் இல்லை. இரண்டு.

இருவருமே முதல் வரியிலிருந்து ஒரே சுருதியில் பாடியிருக்கிறார்கள். விமானச் சத்தத்தில் ஒருத்தி பாடியது மற்றவளுக்குக் கேட்கவில்லை. மொட்டை முள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறது.

மெட்டில்டா தட்டை நிறுத்தினாள். பிறகு, "பழைய முள்ளத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

"இல்லை, இருக்கு."

5

முடிவு, ஒன்று: மெட்டில்டா பியூலாவுக்குப் போன் செய்து, "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்டி பிளேனை ஜெயிச்சிருக்கோம்!" என்கிறாள். (பென்சிலில்: 'நான் இப்படி டயலாக் பேசமாட்டேன்.')

முடிவு, இரண்டு: நான் யாருக்கும் சொல்லாமல் பழைய முள்ளை மாட்டி, ஒற்றைக் குரலாகவே கேட்கவிட்டு, என் மனைவியின் பெயரைக் காப்பாற்றிக்கொடுக்கிறேன். (பென்சிலில்: 'உங்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது.')

மூன்றாவது முடிவை அவள் என்னை எழுத விடவில்லை. இன்று ஞாயிறு. பிளேயர் இருக்கும் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஏதோ செய்தாள். எந்த முள்ளை மாட்டினாள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் பியூலா, "அண்ணா, மெட்டில்டா ரெடியா?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றினாள். அந்தக் குரலைக் கேட்டதும் மெட்டில்டா கதவைத் திறந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையில், போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். என் மனைவி என்று எனக்குக் கர்வமாக இருந்தது.

தட்டு சுழல ஆரம்பித்துவிட்டது. முள்ளை, இதைப் படிக்கிற நீங்களே இறக்குங்கள்.