எட்னா வழியாக ஐந்தாம் மாடிக்கு

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது சாரதாதேவிக்குப் புதிய விஷயம் இல்லை. ஆனாலும் வாயைக் கொடுத்து ஓர் எரிமலையை வாங்கியது இதுதான் முதல் தடவை.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்னால் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் அவருடைய வாடகை வீடு. லிஃப்ட் கிடையாது. மரப்படி வளைந்து வளைந்து மேலே போகும். இருபத்தேழு வருடமாக அந்தப் படியில்தான் ஏறி இறங்கினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார், அரிசி மூட்டையோடு ஏறினார், பகல் முழுவதும் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து அலுத்த காலோடும் ஏறினார். கணவர் போன பிறகும் வீட்டை விடவில்லை. ஏன் விடவேண்டும்? கீழே இறங்கினால் மீன்கடை, மரக்கறிக்கடை, கோயில், "அக்கா, என்ன கனநாளாக் காணேல்லை?" என்று வழிமறிக்கிற சனம். பென்ஷன் எடுத்த பிறகுதான் அந்தத் தெருவில் ஆறுதலாக நின்று கதைக்கவே அவருக்கு நேரம் கிடைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தை மாதத்தில் மூன்றாம் மாடிப் படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு வெடித்துவிட்டது. ஆறு கிழமையில் கை சுகமாகிவிட்டது. மகன் லவனுக்குத்தான் சுகமாகவில்லை. நகருக்கு வெளியே பொண்டியில் அவனுக்குச் சொந்த வீடு, கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. "அம்மா, இனி இஞ்சை தனிய இருக்கேலாது, வாங்கோ" என்று நாளுக்கு ஒரு தடவை ஃபோன் எடுத்தான். அறை நல்ல அறைதான், குறை சொல்ல முடியாது. யன்னலைத் திறந்தால் லவனுடைய கார் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

சித்திரை விடுமுறைக்கு மகள் நிரோஜினி மூன்று பேருக்கும் சிசிலித் தீவுக்கு டிக்கெட் போட்டாள். அங்கே எட்னா எரிமலையில் வழிகாட்டியோடு அரைநாள் நடை ஒன்று உண்டு. அதற்குத் தன்னையும் தமையனையும் மட்டும் பதிந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் மாடியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அம்மா அந்த நேரம் ஹோட்டலிலை ஆறுதலா இருக்கட்டும்" என்றாள்.

"ஏன், நான் வந்தா எரிமலை அணைஞ்சுபோயிடுமோ?" என்று கேட்டார் சாரதாதேவி.

லவன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. "அஞ்சு மாடி ஏறேலாத ஆள் எரிமலை ஏறப்போறாவாம்!"

"ஆரடா ஏறேலாத ஆள்? இப்ப நீ தின்னுற மீன் என்ன, தானாப் படியேறி வந்ததோ?"

"சரி, ஏறுங்கோ பாப்பம். அந்த மலையிலை கூட்டிக்கொண்டு போற இடம்வரைக்கும் உங்கடை காலாலை ஏறினீங்களெண்டா, பொண்டிக் கதையை இனி நான் எடுக்கமாட்டன். ஏறாட்டி அடுத்த மாசம் பெட்டி கட்டோணும்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று நிரோஜினி பிரெஞ்சில் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்து இன்னோர் ஆளையும் பதிந்தாள்.

அடுத்தநாள் மீன்கடையில் சாரதாதேவி விஷயத்தைச் சொன்னார். பின்னேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "அக்கா, வரேக்கை அடுப்புக்குக் கொஞ்சம் நெருப்பு அள்ளிக்கொண்டு வாங்கோ" என்றான் மரக்கறிக்கடைப் பெடியன். சிரித்தார். ஆனால் இரவு படுத்தால் நித்திரை வரவில்லை. ஏற முடியாவிட்டால் இந்தத் தெருவே இல்லாமல் போய்விடுமே என்று புரண்டு புரண்டு படுத்தார்.

எட்னாவில் வாகனம் அவர்களை இறக்கிவிட்ட இடத்தில் நல்ல குளிர். பன்னிரண்டு பேர் கொண்ட குழு, பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். வழிகாட்டியும் பிரெஞ்சுக்காரர்தான், பெயர் தியரி. சிசிலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த மலையடியிலேயே குடியிருக்கிறவர். எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்துக்கொண்டு வந்தார். பஞ்சாபிச் சட்டைக்கு மேலே மகனுடைய பழைய குளிர்ச்சட்டையைப் போட்டு நின்ற சாரதாதேவியை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்த்தார். கொண்டைக்கு மேல் ஹெல்மெட் இருக்க மாட்டேன் என்றது. சாரதாதேவி கொண்டையை அவிழ்த்துப் பின்னிப் பின்னால் தொங்கவிட்டு, வாரை இறுக்கிக்கொண்டு, "வா, போவம்" என்றார் மகளிடம்.

மேலே உச்சி வெள்ளையாகப் புகைத்தது. திடீரென்று மலைக்குள் ஏதோ குமுறியது. கால்வழியாக வயிற்றுக்குள் வந்த சத்தம். சாரதாதேவி மகளின் கையைப் பிடித்துவிட்டார்.

"பயப்படாதீர்கள், இது தினமும் நடக்கிறதுதான்" என்றார் தியரி. "உச்சிக்கு இன்று அனுமதி இல்லை. பழைய வெடிப்பில் பிளந்த ஒரு வாய் இருக்கிறது, அதன் விளிம்புவரை போகிறோம். பாதி வழியில் ஒரு கல்குடில் வரும். முடியாதவர்கள் அங்கே இருக்கலாம், திரும்பும்போது கூட்டிவருவேன்."

அந்தக் கடைசி வசனத்தை அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படியேறிப் பழகிய காலுக்கு அந்த மலை பெரிய அநியாயம் செய்தது. படி என்றால் வைத்த கால் வைத்த இடத்தில் நிற்கும். இங்கே எல்லாம் கறுத்த மணலும் பொருக்குக் கல்லும். ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே இழுத்தது. கொஞ்ச நேரத்திலேயே சாரதாதேவி கடைசி ஆளாகிவிட்டார். முழங்கால் நொந்தது, மூச்சு வாங்கியது. லவன் முன்னால் போய் நின்று, "அம்மா, ஏலாட்டிச் சொல்லுங்கோ, வெக்கம் இல்லை" என்று கரிசனையாகச் சொன்னான். அந்தக் கரிசனையைக் கேட்க அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது. திருப்பிச் சொல்லத்தான் மூச்சு இல்லை.

கல்குடிலுக்கு வந்து ஒரு கல்லில் விழுந்தமாதிரி இருந்தார். அங்கிருந்து விளிம்பு தெரிந்தது. பாதை வளைந்து வளைந்து அதைநோக்கிப் போனது. ஐயோ கடவுளே, இவ்வளவு ஏறியும் இன்னும் இவ்வளவா? பையிலிருந்து லா சப்பலில் வாங்கிவந்த மீன் ரோல்ஸ் பெட்டியை எடுத்து எல்லாருக்கும் நீட்டினார். தியரி இரண்டு எடுத்தார். சாரதாதேவிக்கு ஒன்றும் இறங்கவில்லை. பொண்டி அறையும் அந்த யன்னலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சரி, போதும், தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிடுவோமா என்றுகூட நினைத்துவிட்டார். கண் கலங்கியதைக் குளிர்க்காற்றின் தலையில் போட்டார்.

அப்போது லவனுடைய ஃபோன் அடித்தது. எரிமலையிலும் சிக்னல் வருகிறது, பாருங்கள்! அவன் எழும்பிக் குடிலின் பின்பக்கம் போனான். குரலைத் தணித்துப் பிரெஞ்சில் கதைத்தான். காற்று அம்மாவின் பக்கம் அடிப்பதை அவன் யோசிக்கவில்லை.

"ஓம் முசியூ, சொன்னேன்தானே, மாத முடிவில் அம்மா வீட்டை விடுகிறா... வியாழக்கிழமையா? வரட்டும், வந்து பார்க்கட்டும், நான் வந்து திறந்துவிடுகிறேன்... இல்லை இல்லை, அம்மாவுக்குச் சம்மதம்தான்."

அது வீட்டுக்காரர். ஹோட்டலில் வேலைசெய்து பழகிய காது அது, ஒரு சொல்லும் தப்பவில்லை. சத்தியம் பண்ணியவன், இந்த மலையில் கால் வைப்பதற்கு முதலே வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டான்! அம்மா ஏறவே மாட்டா என்று அவ்வளவு நிச்சயம். சாரதாதேவிக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலில் முழங்கால் நோவு எங்கே போனதென்றே தெரியவில்லை.

தியரி வந்து, "மதாம், நீங்கள் இங்கேயே இருந்து..." என்று தொடங்கினார்.

"இருக்கமாட்டேன்" என்றார் அவர், பிரெஞ்சில். ஊன்றுதடியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

குடிலைச் சுற்றி வந்த லவன் அம்மா நிற்கிற நிலையைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை வீடு பாக்க வாறவை எத்தினை பேரடா?"

லவனுடைய முகம் செத்துப்போனது. "அம்மா, அது... நான் வந்து..."

"கதைக்காதை. மூச்சை மிச்சம் பிடிச்சு வை. ஏற இருக்கு."

விளிம்புக்குப் போகும் பாதையில் எத்தனை வளைவு என்று தியரியைக் கேட்டால் சரியாகச் சொல்லியிருப்பார். சாரதாதேவியின் கண்ணுக்கு ஐந்தாகத்தான் பட்டது. ஐந்தென்றால் ஐந்துதான், யார் வந்து மறுப்பது? முதல் வளைவில் ஏறித் திரும்பியதும், "இது முதலாம் மாடி" என்று வாய்விட்டுச் சொன்னார். "இந்த வீட்டுக் குழந்தை இண்டைக்கும் அழுதுகொண்டுதான் இருக்கு."

நிரோஜினி பயந்துபோனாள். "அம்மா, சா வா, சுகமோ? தலை சுத்துதோ?"

"சும்மா வா. நான் வீட்டை போறன்."

இரண்டாம் வளைவில் நின்று மூச்சு வாங்கினார். "ரெண்டாம் மாடி. ஜெனவியேவ் இப்ப கதவைத் திறப்பா." பாண்டிச்சேரிக்காரி, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். சாரதாதேவியின் காலடிச் சத்தத்துக்கே கதவைத் திறந்து, "இன்னிக்கு என்ன மீன் வாங்கின, சாரதா?" என்று கேட்காமல் ஒருநாளும் விட்டதில்லை. நிரோஜினிக்கு விளங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "வஞ்சிரம் எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள்.

மூன்றாம் வளைவில் சரிவு கூடுதல். மணல் இழுத்தது, தடி வழுக்கியது, சாரதாதேவி இரண்டு முழங்காலும் குத்த விழுந்தார். "அம்மா!" என்று லவன் கீழேயிருந்து கத்தினான். எல்லாரும் நின்றுவிட்டார்கள். தியரி மேலிருந்து ஓடி வந்தார்.

சாரதாதேவி கையைக் காட்டித் தடுத்தார். மெதுவாக ஒரு காலை ஊன்றினார். மற்றக் காலை ஊன்றினார். எழும்பிப் பஞ்சாபியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"மூண்டாம் மாடி" என்றார். "அண்டைக்கும் இஞ்சைதான் விழுந்தனான். அண்டைக்கும் நானாத்தான் எழும்பினனான். விழுந்ததைத்தான் எல்லாரும் கதைக்கிறியள்."

மதாம் என்ன சொல்கிறா என்று ஒரு பிரெஞ்சுப் பெண் நிரோஜினியைக் கேட்டாள். நிரோஜினி சொன்னாள், படியையும் சொன்னாள், பந்தயத்தையும் சொன்னாள். அது ஆள்மாறி ஆள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு யாரும் அவரை முந்தவில்லை. தியரியே ஒதுங்கி, "மதாம், முன்னுக்கு நீங்கள் நடவுங்கள்" என்றார்.

நாலாம் வளைவில் கந்தகம் குப்பென்று மூக்கில் அடித்தது. "நாலாம் மாடிப் பெடியங்கள் முட்டையை அவியப்போட்டிட்டு நித்திரையாப் போனாங்கள்" என்றார் சாரதாதேவி. நிரோஜினி மொழிபெயர்த்ததும் குழு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "கத்ரியெம்! கத்ரியெம்!" என்று நாலாம் மாடியைப் பிரெஞ்சில் கூவினார்கள்.

லவன் மட்டும் சிரிக்கவில்லை. வளைவுக்குக் கொஞ்சம் கீழே, முகம் சிவந்து, ஒரு கல்லில் இருந்துவிட்டான். பொண்டியில் பக்கத்துக் கடையில் பாண் வாங்கவும் காரில் போகிறவன் அவன். தியரி குனிந்து, கரிசனையாகக் கேட்டார்: "முசியூ, நீங்கள் இங்கேயே இருக்கிறீர்களா? திரும்பும்போது கூட்டிப்போகிறேன்."

சாரதாதேவிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனாலும் பெற்ற மனம். நான்கு அடி திரும்பி இறங்கி அவன் முன்னால் நின்றார்.

"நீங்கள் போங்கோ அம்மா" என்றான் லவன். அவன் குரல் உடைந்திருந்தது. "நீங்கள் விழுந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து ஃபோன் வரேக்கை நான் செத்துப்போனன். அப்பாக்கும் அப்பிடித்தான் ஃபோன் வந்தது. எனக்குப் பயம் அம்மா. அதுதான் கேக்காமல் செய்திட்டன்."

அதை அவன் இதுவரை சொன்னதே இல்லை. ஹெல்மெட்டுக்கு மேலாலேயே அவன் தலையைத் தடவினார்.

"பயப்பிடுறது உன்ரை வேலை, பயப்பிடு. வேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஏறுறது என்ரை வேலை. அதை என்னட்டை இருந்து பறிக்காதை." பிறகு குரல் மாறியது. "இப்ப எழும்பு. சாட்சிக்கு நீ வேணும்."

கடைசி வளைவைச் சாரதாதேவி நிற்காமல் ஏறினார். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பின்னால் பத்துப் பேர் கைதட்டித் தட்டி, "சங்கியெம்! சங்கியெம்!" என்று ஐந்தாம் மாடியைக் கூவினார்கள். ஒரு கால், மற்றக் கால், பிறகு ஏறுவதற்கு நிலமே இல்லை. முன்னால் மலை வாய் பிளந்து கிடந்தது. கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை, இடுக்கெல்லாம் ஆவி. அதற்கும் அப்பால், வெகு கீழே, கடல். கையுறையைக் கழற்றிக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு.

"ஏறிட்டன்!" என்று கத்தினார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு கத்தல் தன்னிடம் இருக்கிறதென்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். உச்சி பதிலுக்கு ஒருதரம் குமுறியது. "ஓம் ஓம், கேக்குது" என்று அதற்கும் கையைக் காட்டினார்.

லவன் கடைசியாகத் தவழாத குறையாக வந்து சேர்ந்தான். அவன் மூச்சு விடும்வரை பொறுத்திருந்து, "எடு ஃபோனை" என்றார்.

எடுத்தான். அம்மா வீட்டை விடவில்லை, பிழை தன்னுடையது, மன்னிக்கவேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னான். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொரிந்தார். ஆட்கள் வரப்போகிறார்களாம், ஐந்து மாடியை அந்த அம்மா எப்படி ஏறுவா என்று நீதானே சொன்னாய், இப்போது அவ எங்கே?

லவன் அம்மாவைப் பார்த்தான். "எட்னாவில் நிற்கிறா, முசியூ" என்றான். "மேலே."

சாரதாதேவி கையை நீட்டி ஃபோனை வாங்கினார்.

"போன்ஜூர் முசியூ. ஐந்தாம் மாடி பேசுகிறேன். இன்னும் பத்து வருடத்துக்கு வீட்டை ஒருவருக்கும் காட்டவேண்டாம். அதற்குப் பிறகும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் காட்டவேண்டும். நல்லது, வைக்கிறேன்."

ஃபோனை மகனிடம் கொடுத்தார். இறங்குகிற பாதை முழுவதும் சறுக்கு மணல். தியரி முன்னால் இறங்கத் தொடங்கிவிட்டார். லவன் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். சாரதாதேவி இரண்டு அடி இறங்கித் திரும்பினார்.

"வா" என்று கையை நீட்டினார். "அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு வா, விழுந்துபோவாய்."

லவன் பிடித்துக்கொண்டான்.