ஊமைப் பியானோ

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிற மனிதன் எவனாக இருந்தாலும் அவன் எதையோ மறைக்கிறான். இந்த உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் துப்பு. பிறப்புச் சான்றிதழில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. அதை இப்போது வங்கி மட்டும்தான் பயன்படுத்தியது. வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று போய்ப் பார்த்து எழுதும் வேலை அவனுக்கு. மரத்தில் மோதியதாகச் சொல்லப்பட்ட காரில் மரப்பட்டைக்குப் பதிலாக யாரோ வீட்டுச் சுவரின் நீலப் பெயின்ட் இருந்ததைக் கண்டவன். அவனுடைய அலுவலகத்திலேயே ஹெட்போன் மாட்டுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் எதையுமே கேட்கவில்லை, துப்பு பேச வந்துவிடக்கூடாதே என்று மாட்டியிருந்தார். மூன்றையும் ஆதாரத்தோடு நிரூபித்தவனும் அவன்தான்.

ஆகவே அப்பா கூடத்தில் குளிர்பெட்டிக்குள் கிடக்க, பகல் ஒரு மணிக்கு அவன் பின்னறையில் குனிந்து டிஜிட்டல் பியானோவின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலையைக் கொடுத்ததே அம்மாதான்.

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துடும்," என்றாள் அம்மா. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள். "அதுக்குள்ள இந்த மனுசன் இந்த ரூம்ல மூணு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் கூடத்துக்கு வர மாட்டேன். அழவும் மாட்டேன்."

"அம்மா, வந்தவங்கல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க."

"பாக்கட்டும். நானும் மூணு வருஷமா இந்தக் கதவைத்தான பாத்துட்டிருந்தேன்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் ஏறி இறங்கியவர். வாழ்நாளில் ஒரு விசில்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு பழைய டிஜிட்டல் பியானோவை நான்கு பேரை வைத்து மாடியேற்றினார். அன்றிலிருந்து தினமும் மாலை சரியாக ஆறரைக்குக் கதவைச் சாத்துவார், ஹெட்போனை மாட்டிக்கொள்வார். வெளியே கேட்பதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகள் டொக் டொக்கென்று இறங்கி ஏறும் சத்தம் மட்டும்தான். கேட்டால், "ஒரு பாட்டு முழுசா வரட்டும், சத்தமா வச்சுக் காட்டறேன்," என்பார். மூன்று வருஷமாக அந்தப் பாட்டு வந்துகொண்டேயிருந்தது.

"நேத்து நடந்ததை மறுபடி சொல்லு," என்றான் துப்பு. இந்தக் குரலில்தான் அவன் லாரி டிரைவர்களிடம் பேசுவான்.

"ஆறரைக்குக் கதவைச் சாத்தினாரு. தட்டிட்டே இருந்தாரு. ஆறு நாப்பது, நாப்பத்திரண்டுக்கு நின்னுச்சு. ஆறே முக்காலுக்கு டீ ஆறுதுன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. எப்ப இருந்துச்சு? காதுல அதை மாட்டிருந்தா இடி விழுந்தாலும் கேக்காதே அவருக்கு. கதவைத் தட்டினேன். திட்டினேன்." அம்மா நிறுத்தினாள். "நிறையவே திட்டினேன். ஏழேகாலுக்குத்தான் தொறந்தேன். கட்டைங்க மேல சாஞ்சு கெடந்தாரு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு நொடியில போயிருக்கும்னாரு. தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுன்னாரு." அதை மட்டும் அவள் இரண்டு முறை சொன்னாள்.

பியானோ நேற்றிலிருந்து அணைக்கப்படாமலே கிடந்தது. ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழிருந்த பொத்தானை அழுத்தினான், விளக்கு போனது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினான்; சின்னத் திரையில் நேரம் ஓட ஆரம்பித்தது. சத்தம் வரவில்லை. கட்டைகளைத் தட்டினான். ஒன்றும் இல்லை. ஹெட்போனை ஆம்புலன்ஸ்காரர்கள் அப்பாவின் தலையிலிருந்து பிடுங்கி மேசைமேல் போட்டிருந்தார்கள். அதன் ஒயர் எதிலும் சொருகப்படாமல் சுருண்டு கிடந்தது. ஆக, ஹெட்போனும் இல்லை, சத்தமும் இல்லை.

"நான் சொல்லல?" என்றாள் அம்மா. "அவர் குளிக்கப் போனப்ப நானே ஒருநாள் தட்டிப் பாத்திருக்கேன். வெளக்கு மட்டும் எரியுது. எல்லாக் கட்டையும் ஊமை. ஊமைப் பெட்டியோட தெனம் ஒரு மணி நேரம் என்ன வேலை? போன்ல யாரோடயோ பேசிட்டு, சும்மா கைய மட்டும் தட்டிட்டு இருந்திருக்காரு."

இந்த நேரத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. துக்கத்தை அடக்க ஏதாவது ஒரு பொருளைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். பியானோ முன்னிருந்த ஸ்டூலின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு பாக்கெட் நோட்டுப் புத்தகம். எல்லாப் பக்கத்திலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரே இரண்டு வரி:

12312345

54321321

மாமா நோட்டை விளக்கருகே பிடித்தார். "எட்டு நம்பர். போன் நம்பர்தான்." மேலும் உற்றுப் பார்த்து, மதிப்பும் வருத்தமும் கலந்த குரலில், "ரெண்டு பேரு," என்றார்.

அம்மா கையை நீட்டினாள். "போடு."

"அக்கா, அத்தான் வெளிய கெடக்காரு, இப்பப் போய்…"

"போடுடா."

மாமா ஸ்பீக்கரில் போட்டார். தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். இரண்டாவதற்கும் அதே குரல்.

"உஷாரான பொம்பளைங்க," என்றார் மாமா. "தகவல் தெரிஞ்சதும் நம்பரை மாத்திட்டாங்க."

துப்பு அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மருமகனுக்குரிய மரியாதை இல்லை.  ஆதாரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் யாரோ நின்று சாய்க்கிறார்கள் என்பது அவன் தொழில் விதி. அப்பாவுக்கு அது பொருந்தவேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

"வெளிச் சாட்சி வேணும்," என்று எழுந்து போனான்.

கூடத்தில் கீழ்வீட்டுப் பிளான்காரர் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர். அவர் மேசை சரியாக இந்தப் பின்னறைக்குக் கீழே இருந்தது. தட்டுகிற சத்தத்துக்காக அப்பாவிடம் இரண்டு முறை சண்டைக்கு வந்தவர். துப்பு அவரைக் கையோடு அழைத்து வந்தான்.

"சார், மேல என்ன சத்தம் கேக்கும்? உள்ளதைச் சொல்லுங்க. பேச்சுச் சத்தம்?"

"பேச்சா? ஒருநாள்கூட இல்லையே தம்பி." அவர் அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். "டொக் டொக்குதான். மூணு தட்டு தட்டுவாரு. ஒரு தடுமாற்றம். அப்புறம் அஞ்சு தட்டு. மறுபடியும் மொதல்லேருந்து. மூணு, தடுமாற்றம், அஞ்சு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கோடு போடறப்ப அந்தத் தடுமாற்றத்துல என் கையும் நிக்கும். நான் போட்ட பிளான் எதை எடுத்தாலும் எங்கயாவது ஒரு மைப்புள்ளி இருக்கும். உங்கப்பா வச்சது."

துப்பு நோட்டை வாங்கிப் பார்த்தான். ஒன்று இரண்டு மூன்று. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஐந்து. வலது கையைக் கட்டைகள்மேல் வைத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அடுத்த கட்டைக்குக் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே தடுமாறியது. பிறகு ஐந்து விரலும் வரிசையாக.

"இது விரல் நம்பர்," என்றான். "எந்தக் கட்டைக்கு எந்த விரல்னு எழுதி வச்சிருக்காரு. கீழ் வரி எடது கைக்கானதா இருக்கும்."

"அப்ப பொம்பளைங்க இல்லையா?" என்றார் மாமா. ஏமாந்த மாதிரி இருந்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. "தட்டினாரு, சரி. சத்தம் எங்க? ஊமைப் பெட்டியில எவனாவது பாட்டு கத்துப்பானா?"

துப்பு குப்புறப் படுத்து பியானோவின் அடியில் டார்ச் அடித்தான். இடது ஓரத்தில் ஹெட்போன் சொருகும் துளை. அதில் தங்க நிறத்தில் ஒரு குட்டைப் பின் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனின் மெல்லிய முனை பெரிய துளைக்குப் பொருந்துவதற்காக மாட்டுகிற இணைப்பு. அவசரத்தில் ஒயரைப் பிடுங்கியவர்கள் இதை உள்ளேயே விட்டுப் போயிருந்தார்கள். ஹெட்போன் இன்னும் மாட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு பெட்டி தன் வாயை மூடியிருந்தது. அம்மா தட்டிப் பார்த்த அன்றும் ஒயர் சொருகியேதான் இருந்திருக்கும்.

பின்னைப் பிடுங்கினால் கூடம் முழுக்கக் கேட்கும். அவன் ஹெட்போன் ஒயரை அதிலேயே சொருகினான். மற்ற இருவரையும் வெளியே அனுப்பினான். திரையில் 'ரெக்கார்டிங்' என்று நின்றிருந்ததைப் பார்த்தபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கு என்னவென்று விளங்கியது. அப்பா தான் வாசித்ததைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"கேட்டுச் சொல்லு," என்றாள் அம்மா.

மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டான்.

மூன்று சுரங்கள் ஏறின. நின்றது. பழுதான லிஃப்ட் போல மூன்றாவது மாடிக்கும் நாலாவதற்கும் நடுவே தொங்கியது. பிறகு தடதடவென்று மேலே போனது. மறுபடி. மறுபடி. ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பாட்டு தொடங்கியது. முதல் வரி பிசகில்லாமல் வந்தது. இரண்டாவது வரியும். மூன்றாவதைத் தொடங்கினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் ஒரே நேரத்தில் இறங்கின, கை முழுவதையும் மேலே போட்டதுபோல. அந்தச் சத்தம் நெடுநேரம் மெலிந்து மெலிந்து அடங்கியது.

அணைத்துவிடலாம் என்று கை போனது. ஆனால் ஓடுகிற எண்ணைப் பாதியில் விட்டு வந்து அவனுக்குப் பழக்கமில்லை. ஆறரையோடு பன்னிரண்டு. ஆறு நாற்பத்திரண்டு. அம்மா சொன்னது சரிதான். டாக்டர் சொன்னதும் சரிதான். பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து: இங்கேதான் டீ ஆறுகிறது என்றாள். கட்டைகளை மட்டும் பதிவு செய்கிற பெட்டி. அவள் குரல் அதில் இல்லை. பதினாறு. பதினெட்டு.

பத்தொன்பதாவது நிமிடத்தில், கதவுக்கு வெளியே அம்மா தட்டித் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கட்டை ஒலித்தது. மிக மெதுவாக. கொஞ்சம் இடைவெளி விட்டு அதே கட்டை இன்னொரு முறை.

பிறகு இல்லை.

"என்னடா?" அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து வாசிச்சதா?"

"இல்லம்மா. இது பழசு. போன மாசமோ என்னமோ."

"பாட்டா?"

"பாட்டுதான்."

"முழுசா வருதா?"

"வருதும்மா. முழுசா வருது. நல்லா வாசிக்கறாரு."

கதவுக்கு வெளியே மாமா, "அக்கா, வண்டி வந்துடுச்சு," என்றார். அம்மா கதவுப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். "எனக்கும் குடு. ஒரு தடவை."

"இரும்மா. முடியட்டும்."

இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் காத்திருந்தாள். அவன் கண்ணை மூடி, தாளத்துக்கு ஏற்ற மாதிரி மெல்லத் தலையை ஆட்டத் தொடங்கினான். கட்டில் கிறீச்சிட்டது. அம்மா எழுந்து கூடத்தைப் பார்த்து நடந்தாள்; இரண்டடி போவதற்குள் அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. திரையில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. காதில் ஒரு சத்தமும் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பாள் என்று, துப்பு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.