ராணியைப் போருக்கு அனுப்பிய செவ்வாய்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் வேல்ராஜ், சௌம்யா டீச்சரிடம் இதுவரை பதினான்கு போரில் தோற்றிருந்தார். எல்லாம் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த நெப்போலியன் காலத்துப் போர்கள். கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள், தூரம் அளக்க ஒரு ஸ்கேல், செத்தது யார் என்று சொல்லப் பகடை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஏரியில் சோலி ஓயாது. ஆகவே ஆட்டம் செவ்வாய் சாயங்காலம்.

இன்று கடைசி ஆட்டம். டீச்சருக்கு ஓசூருக்கு மாற்றல். வியாழக்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது. மலையில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டே பேர். இன்றைக்கும் தோற்றால் அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை என்றே ஆகிவிடும்.

தோல்விக்குக் காரணம் இருவருக்கும் தெரியும். தன் படையின் ஆறு குதிரைகளுக்கும் சொந்தக் குதிரைகளைப் பார்த்தே வண்ணம் அடித்திருந்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளது ராணி. பெயர் வைத்துவிட்டுச் சாகக் கொடுக்க மனசு வருமா? பதினான்கு போரிலும் அவை மேசை ஓரத்தில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தன.

இந்தத் தடவை யோசித்து வந்திருந்தார். எட்டுச் சுற்றுக்குள் டீச்சரின் காலாட்படை பாலத்தைப் பிடித்தாக வேண்டும்; இல்லாவிட்டால் ஜெயம் வேல்ராஜுக்கு. குதிரைகளை அந்தக் காலாட்படையின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பாயவில்லை, நிறுத்தினார், அவ்வளவுதான். குதிரை பாயும் என்ற பயம் இருந்தால் காலாட்படை நாலு பக்கமும் கத்தி நீட்டிய துப்பாக்கியோடு சதுரமாக நிற்க வேண்டும். சதுரமாக நின்றால் நடக்க முடியாது. மூன்று சுற்று அப்படியே போயிற்று. பாலம் தொலைவிலேயே இருந்தது.

ஏழாவது சுற்றில் டீச்சர் சிரித்தார்.

"நீங்க ராணிய விட மாட்டீங்கண்ணே. எனக்குத் தெரியாதா?"

சதுரத்தைக் கலைத்துச் சிப்பாய்களை வரிசையாகப் பாலத்தை நோக்கி நடத்தினார்.

வேல்ராஜ் ராணியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து அளந்தார்.

"விடுறேன் டீச்சர்."

நடந்துகொண்டிருந்த வரிசைக்கு மறுபடி சதுரமாக நிற்க நேரமில்லை. பகடை உருண்டதும் காலாட்படை சிதறி ஓடியது. குதிரைகளில் இரண்டு விழுந்தன. ஒன்று ராணி. பாலத்துக்கு ஒருத்தரும் வந்து சேரவில்லை.

டீச்சர் எழுந்து கை கொடுத்தார். ஜெயித்ததில் வேல்ராஜுக்குச் சந்தோஷம்தான். இனி எதிரில் உட்கார ஆளில்லை என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"இத மொத ஆட்டத்துலயே செஞ்சிருக்கலாம்லண்ணே?"

"பொம்மைதான்னு தெரியும் டீச்சர். மனசு கேக்கணும்ல."

ராணியைத் துண்டால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவர் வீடு ஏரிக்கு எதிர்த்திசையில். இருந்தாலும் ஏரிப்பக்கம் ஒரு எட்டு நடந்து, கொட்டகையில் ராணி புல் தின்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.