ரோஜா நின்ற இடம்

குழி பாதி ஆழம்கூடப் போகவில்லை, அதற்குள் கிளெனிஸின் முதுகு விட்டுப்போனது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். ரோஜாக்கன்று காலையிலிருந்து வாளித் தண்ணீரில் கிடந்தது. மண் ஒட்டாத வெறும் வேர். இரவு உறைபனி என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். இருட்டுவதற்குள் நட்டாக வேண்டும்.

அந்த இடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்ற ரோஜாச்செடி கோடையில் பட்டுப்போனது. அவள் கணவன் கிளைவ் பக்கவாதத்தில் விழுந்ததும் அதே கோடையில்தான். கூடத்தின் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருந்த சக்கரக் கட்டிலிலிருந்து அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வெற்றிடம் ஒன்றுதான். நாற்றுப்பண்ணைப் பட்டியலைக் காட்டியபோது, இதழ்கள் அடுக்கடுக்காய்க் குவிந்த ஒரு வெளிர்மஞ்சள் பூவின்மேல் விரலை வைத்து, "அங்கேயே" என்றான். அவனிடம் மிஞ்சியிருந்த சொற்கள் கொஞ்சம். அவள் மறுக்கவில்லை.

ரோஜா நின்ற மண்ணில் இன்னொரு ரோஜா தேறாது. தெரு முழுக்க இதைச் சொல்லிவைத்தவனே கிளைவ்தான். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் கேட்காமல் நட்டு, கன்று சவலையாய் நின்றபோது, "என்ன டெஸ்மண்ட், பல்குத்துற குச்சியா வளக்குற?" என்று இரண்டு வருடம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டவன். அங்கேயேதான் வேண்டுமென்றால் முழங்கால் ஆழத்துக்கு மண்ணை மாற்ற வேண்டும். தள்ளுவண்டியில் இருபது நடை. விடிந்ததிலிருந்து அவனைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்ட கைகளுக்கு மூன்று நடையே மிச்சமிருந்தது.

அவள் சேற்றுக் காலணியோடு உள்ளே வந்தாள்.

"சேறு" என்றான் கிளைவ்.

"இருக்கட்டும். முன்பக்க ஜன்னலுக்குப் போயிடலாம். அங்க ரோஜாவே வச்சதில்ல, மண்ணு நல்லா இருக்கு."

"ரோடு."

விழுந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்துத் திரையை அவன் திறக்கவிட்டதில்லை.

"தெரியும். போறவங்க வர்றவங்க பாப்பாங்க. டெஸ்மண்டும் பாப்பான். மண்ண மாத்த என்னால முடியல கிளைவ். உன்னத்தான் மாத்த முடியும்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வேண்டாம் என்றால் கன்றை டெஸ்மண்டுக்கே கொடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மறுபடி அந்தப் பின்பக்கக் குழிக்குப் போகத் தெம்பில்லை.

"தள்ளு" என்றான்.

கட்டிலை முன்பக்க ஜன்னலோரம் தள்ளி, திரையை விலக்கிவிட்டு வெளியே போனாள். முன்பக்க மண் பொலபொலவென்று இருந்தது. அரை மணியில் குழி தோண்டி, கன்றை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தாள். நாயோடு போன டெஸ்மண்ட் ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கிளைவ் அவனைக் கவனிக்கவே இல்லை. கன்றின் அடியில், உறைபனி படாமல் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய ஒட்டுப்போட்ட முடிச்சு மேலே தெரிவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டினான். நல்ல கையைக் கவிழ்த்து, இரண்டு முறை கீழே அமுக்கிக் காட்டினான்.

அவள் பார்க்காத மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். அவன் மறுபடி தட்டினான். கன்றைப் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.