டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த அளவு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பி, என் தங்கை, தங்கையின் கணவர், தம்பியின் மகள். தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

தம்பி மகள், சமையலறை அலமாரிகளை வடிவமைத்துப் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிகிறது. மறுநாள் மேலாளர் அவளை அழைத்து, வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வதாக இருந்தது. இந்த நேரம் பார்த்து ஒரு தவறு. ஒரு வீட்டில், சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே போய் அளவெடுத்துவிட்டாள். ஒட்டிய பிறகு இரண்டு பக்கமும் இடம் குறைந்துபோயிற்று. முந்தின நாள் வந்து இறங்கிய அலமாரி உள்ளே நுழையாமல் கூடத்தில் நிற்கிறது. மேலாளருக்கு இன்னும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் யாரையும் எந்த அலுவலகமும் வெளியே அனுப்பியதில்லை. ஆகவே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டைல்ஸ்காரர் கலவையைத் தடிமனாகப் பூசிவிட்டார் என்று சொல்லச் சொன்னாள் தங்கை. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளச் சொன்னார் அவள் கணவர். அவருடைய உத்தியோகம் முழுக்க அப்படித்தான் ஓடியது. தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. மேலாளராக உட்காருவது யார் என்பதில் தகராறு வந்தது. மூத்தவன் என்ற முறையில் நான் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது யார் தப்பும்மா?" என்றேன்.

"என் தப்புதான் சார்."

"ஏண்டி, கேட்டதும் கொட்டிடுவியா? கொஞ்சம் இழுத்துப் பேசக் கூடாதா?" என்றாள் தங்கை.

அடுத்தவர் தலையில் கட்டுவது நம் வழக்கமில்லை என்று தங்கையை அடக்கினேன். அதே சமயம், போ என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருப்பதும் நமக்கு மரியாதை இல்லை. முந்திக்கொண்டு ராஜினாமாவைக் கொடுத்துவிடுவதே கௌரவம் என்றேன்.

"கொடுத்துட்டு? தினம் உங்க பக்கத்துல உக்காந்து ஆளுக்குப் பாதி பேப்பர் படிக்கவா பெரியப்பா?"

என் மனைவி சிரித்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை தம்பி மகள் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தச்சரை வரவழைத்தாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே சந்து தெரியாமல் இருக்க வைக்கும் ஓரப் பட்டையைக் கழற்றி, அறுத்துக் குறுக்கச் சொன்னாள். நாங்கள் ஒத்திகை நடத்தியபோது அவள் மனம் முழுக்க அந்தப் பட்டையில்தான் இருந்ததாம். அலமாரி உள்ளே போய்ப் பாந்தமாக உட்கார்ந்தது. அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: இன்றைக்கே சமைக்கலாமா?

பிறகு அலுவலகம் போய் மேலாளரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?" என்றாராம் அவர்.

"அடுத்த வீட்ல வேற யாராவது இதே தப்பைப் பண்ணுவாங்க சார். இனிமே டைல்ஸ் ஒட்டின பிறகுதான் அளவுன்னு எல்லாருக்கும் சொல்லிடலாம்."

வேலை நிரந்தரமாயிற்று. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அளவெடுக்கக் கற்றுத்தரும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. எங்கள் வீட்டுப் பெண் வேறெப்படி நடந்துகொள்வாள்?

நான் மேலாளருக்குப் போன் போட்டுப் பேசித்தான் வேலை நிலைத்தது என்று உறவினர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. நான் யாருக்கும் போன் போடவில்லை.